கூரைக்கும் ஒரு விதி வேண்டும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் சித்திரை மாதத்து நடுப்பகலிலும், மறுபடி ஆவணித் தொடக்கத்திலும், சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராகவே வந்து நிற்பதால், இவ்வூர் வீடுகளின் உஷ்ணத்தைப் பற்றிப் பேசப் புகுகிறவர் கூரையிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, உள்ளே புகுந்துவிட்ட வெப்பத்தை மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவதைவிட, அதைப் புகவிடாமல் தடுப்பதே சிக்கனம் என்ற அடிப்படையில் எழுந்தது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கையில், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கலாகாது என்பது அதன் பிரதான நிபந்தனைகளுள் ஒன்று. ஆறு அங்குல வெறும் கான்கிரீட் தளமோ 3 வாட்டுக்கும் அதிகமாக இறங்கவிடும். செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்துப் பரப்பித் தட்டோடு பதிக்கும் நம் கொத்தனார்களின் பழைய முறை இதைக் கணிசமாகக் குறைக்கும்; அதற்கடியில் ஓர் அங்குல வெப்பத் தடுப்புப் பலகையும் வைத்துவிட்டால் விதி கேட்கும் அளவு சித்தித்துவிடும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி அடங்கும் வெப்ப ஈரப்பதப் பிரதேசத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: திறக்கக்கூடிய ஜன்னல், வெளிக்கதவு முதலியவற்றின் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு இது இருபது சதுர அடி. இப்போது எங்கும் பொருத்தப்படும் இரட்டைக் கதவு ஸ்லைடிங் ஜன்னலோ பாதிதான் திறக்கும். ஆகையால் அதன் முழு அளவைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதற்கில்லை. வீடு கட்டுவோர் இதைக் கவனியாமலிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காற்றோட்டமில்லாத அறையில் வியர்வை உலர வழியேது?

ஆனால் இவ்விதிகள் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளையே குறிவைத்தவை. அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று அதிகம். இரண்டு மூன்று சென்ட்டில் கடன் வாங்கிக் கட்டுகிறவரின் ஒற்றை மாடி வீடு, கூரை முழுவதும் வெயிலில் காய்ந்தும், விதியின் பார்வைக்குப் புறம்பாகவே நின்றுவிடுகிறது. 2003இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சிறு வீடு, பெரு வீடு என்ற பேதம் பாராட்டவில்லை. வரைபட அனுமதி வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள் கூரைக் காப்பையும் அவ்வாறே கேட்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்களும், மாடித் தளத்தின் வெடிப்புகளை அடைத்து, நீர் வடியும் வாட்டத்தைச் சரிசெய்து, பங்குனி பிறக்குமுன் வெள்ளை ஓடோ வெண்பூச்சோ போட்டுவிடலாம். வெயிலின் பெரும்பகுதியை அது வந்த வழியே திருப்பியனுப்ப அதுவே போதும்.