ஆர்டர் கேட்டு வந்த கடிதம் எங்கே? வெப்சைட்டில் "பிளகின்" படுத்தும் பாடு!

வெப்சைட் இருக்கிறது. தட்டினால் உடனே திறக்கிறது. படங்கள் பளிச்சென்று தெரிகின்றன. விலாசமும் டெலிபோன் நம்பரும் சரியாக இருக்கின்றன.

ஆனால், மூன்று மாதமாக அதன் வழியாக ஒரு ஆர்டர்கூட வரவில்லை!

ஏன்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சொந்த வெப்சைட் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு வரக்கூடிய தலைவலி இது. காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சாமானாக இருக்கலாம். அதன் பெயர் "பிளகின்". தமிழில் "சொருகி" என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் பட்டறையிலும் கடையிலும் பிளகின் என்றால்தான் புரியும்.

லேத்தும் ஒட்டுச் சாமானும்

அம்பத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

ஒரு லேத் மிஷின் வாங்குகிறோம். அது இரும்பைக் கடையும். சரிவாகக் கடைய வேண்டுமா? அதற்கு ஒரு தனி அட்டாச்மென்ட் மாட்ட வேண்டும். சாணை பிடிக்க வேண்டுமா? அதற்கு வேறு ஒன்று. மிஷின் ஒன்றுதான். மாட்டுகிற சாமானைப் பொறுத்து வேலை மாறும்.

வெப்சைட்டும் அப்படியே. அதை ஓட்டும் "மிஷின்" ஒரு மென்பொருள். அவற்றில் பெரிய பெயர், "வேர்டு பிரஸ்". உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளில் 100-க்கு 40-க்கு மேல் இதில்தான் ஓடுகின்றன.

இது 2003-ம் ஆண்டு மே 27-ந் தேதி வெளிவந்தது. மாட் முல்லன்வெக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவரும், மைக் லிட்டில் என்ற இங்கிலாந்துக்காரரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். ஒட்டுச் சாமான் மாட்டும் வசதி அடுத்த ஆண்டு மே மாதம் வந்தது. அப்போது மாதிரிக்காக ஒரு பிளகினையும் கூடவே கொடுத்தார்கள். அது என்ன செய்யும் தெரியுமா? பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்றில் இருந்து ஒரு வரியைத் திரையின் மூலையில் காட்டும். வேறு எதுவும் செய்யாது!

அன்று விளையாட்டுப் போல ஆரம்பித்தது, இன்று சுமார் 60 ஆயிரம் இலவசப் பிளகின்கள் உள்ள பெரிய சந்தை ஆகி விட்டது. கடை வைக்க ஒரு பிளகின். படம் காட்ட ஒரு பிளகின். கூகிளில் பெயர் முன்னால் வருவதற்கு ஒரு பிளகின். திருடன் வராமல் காக்க ஒரு பிளகின்!

"ஜூம்லா", "துருபால்" என்ற மென்பொருள்களிலும் இதே ஏற்பாடு உண்டு. பெயர்தான் வேறு. அங்கே "எக்ஸ்டென்ஷன்" என்றும், "மாட்யூல்" என்றும் சொல்லுவார்கள். இவற்றைச் செய்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். ஜூம்லாவில் கடை நடத்த உதவும் "ஜே2 ஸ்டோர்" தமிழ்நாட்டில் பிறந்தது. திருநெல்வேலியில் உள்ள ஸ்மாக்கோடர்ஸ் நிறுவனம், சரக்குப் பட்டியலை மொத்தமாக வெப்சைட்டில் ஏற்றும் பிளகினைச் செய்து கொடுக்கிறது.

காற்றில் போன கடிதங்கள்

இனி, ஆர்டர் வராத கதைக்கு வருவோம்.

தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறையை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வெப்சைட்டில் "எங்களைத் தொடர்பு கொள்ள" என்று ஒரு பக்கம் இருக்கும். புனாவில் இருந்து ஒரு கம்பெனிக்காரர் அதில் தன் பெயரையும், தேவையான சாமானையும் எழுதி அனுப்புகிறார். "நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று திரையில் பச்சைக் கட்டம் வருகிறது. அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். இரண்டு நாள் பார்த்து விட்டு, வேறு பட்டறைக்குப் போய் விடுகிறார்.

முதலாளிக்கு எதுவுமே தெரியாது! அவருக்குக் கடிதமே வரவில்லை.

இந்த வேலைக்குப் பேர் போன பிளகின் "கான்டாக்ட் பாரம் 7". ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி மியோஷி என்பவர் செய்தது. பல லட்சம் வெப்சைட்டுகளில் இருக்கிறது. நல்ல பிளகின்தான். ஆனால் அதன் குணத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். வந்த செய்தியை அது ஈமெயிலாக அனுப்பும். தன்னிடம் ஒரு நகல்கூட வைத்துக் கொள்ளாது. தபால்காரர் கடிதத்தைத் தொலைத்து விட்டால், கடிதம் போனது போனதுதான்.

தபால்காரர் ஏன் தொலைக்கிறார்? வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங் கம்ப்யூட்டர் கடிதத்தை அனுப்புகிறது. அதன் மேல் பட்டறையின் பெயர் இருக்கிறது. "இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று வாங்குகிற பக்கம் கேட்கிறது. பதில் இல்லை. உடனே குப்பைக் கூடையில் போடுகிறது. அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுகிறது. 2024 பிப்ரவரியில் ஜிமெயில், யாகூ இரண்டும் இந்தச் சோதனையைக் கடுமையாக்கின. அதுவரை எப்படியோ வந்து கொண்டிருந்த கடிதங்களும் நின்று போகக் கூடிய நிலை.

இதற்கு மருந்தும் பிளகின்தான்! முறையான ஈமெயில் கணக்கின் வழியாகக் கடிதத்தை அனுப்பி வைக்கும் பிளகின்கள் உண்டு. வந்த செய்திகளை வெப்சைட்டுக்கு உள்ளேயே சேமித்து வைக்க, அதே ஜப்பான்காரர் "பிளமிங்கோ" என்று ஒன்று செய்து இருக்கிறார். இரண்டுக்கும் காசு இல்லை. பொருத்த அரை மணி நேரம் போதும்.

மூன்று மாத ஆர்டர் போன பிறகுதான் அந்த அரை மணி நேரம் கிடைக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்!

திரை வெளுத்தது

மற்றொரு வகைத் தொல்லை, ஓசைப்படாமல் வராது. ஒரே அடியாக அடிக்கும்.

ஆவடியில் ஒரு டியூஷன் சென்டர். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த மறு நாள். புதிய சேர்க்கைக்குப் பெற்றோர்கள் வெப்சைட்டைத் திறக்கிறார்கள். "இந்தத் தளத்தில் பெரும் கோளாறு" என்று ஒரு வரி. கீழே வெறும் வெள்ளை!

முந்தின இரவு ஒரு பிளகினின் புதிய பதிப்பு தானாக ஏறி இருக்கும். அதற்கும், பக்கத்தில் உள்ள வேறு ஒரு பிளகினுக்கும் ஒத்துப் போகவில்லை. ஒரே உறையில் இரண்டு கத்தி!

இதில் ஒரு வேடிக்கை. பிளகின்கள் தானாகவே புதுப்பித்துக் கொள்ளும் வசதி 2020 ஆகஸ்டில் வேர்டு பிரஸ் 5.5 பதிப்பில் வந்தது. அதே பதிப்பில், பழைய பிளகின்கள் சாய்ந்து நின்று கொண்டிருந்த ஒரு முட்டுக் கட்டையையும் எடுத்து விட்டார்கள். "ஜேகுவரி மைகிரேட்" என்று அதற்குப் பெயர். அவ்வளவுதான்! பட்டன் அழுந்தவில்லை, படம் நகரவில்லை என்று உலகம் எங்கும் கூக்குரல் கிளம்பியது. கடைசியில், எடுத்த கட்டையை மறுபடியும் வைக்க ஒரு தனிப் பிளகினையே வெளியிட நேர்ந்தது.

பிளகின் சண்டை போட்டு வெப்சைட் விழுந்தால், உள்ளே நுழைந்து சரி செய்ய ஒரு ரகசிய வழியை ஈமெயிலில் அனுப்பும் ஏற்பாடு 2019-ல் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஈமெயில் யாருக்குப் போகிறது? வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்த பையனுக்கு! அவன் இரண்டு வருஷத்துக்கு முன்பே பெங்களூரில் வேலை கிடைத்துப் போய் விட்டான்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது பழைய வைத்தியம். ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்து, "பிளகின்ஸ்" என்ற அறையின் பெயரை மாற்றினால் எல்லாப் பிளகின்களும் நின்று விடும். வெப்சைட் எழுந்து உட்காரும். பிறகு பழைய பெயரையே வைத்து, ஒவ்வொன்றாக ஓட விட்டுப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்து விடும். பியூஸ் போனால் எலெக்ட்ரீஷியன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

கைமாறிய சாவி

எல்லாவற்றிலும் மோசமானது, நம்பிய பிளகினே திருடன் ஆவது.

"டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்" என்று ஒரு பிளகின் இருந்தது. எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் எளிய சாமான். சுமார் 2 லட்சம் வெப்சைட்டுகளில் இருந்தது. 2017 மே மாதம் அதைச் செய்தவர்கள் அதை விற்று விட்டார்கள். விலை 15 ஆயிரம் டாலர்.

வாங்கியவன் என்ன செய்தான்? பிறகு வந்த புதிய பதிப்புகளில் ஒரு பின்கதவைச் செருகினான். அதன் வழியாக, அடுத்தவர் வெப்சைட்டில் தன் விளம்பரக் கட்டுரைகளை ஏற்றினான்.

அதிலும் அவன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். முதலாளி தன் பெயரில் உள்ளே நுழைந்து பார்த்தால் அந்த விளம்பரங்கள் தெரியாது! வெளியில் இருந்து வருகிறவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். "நம் வெப்சைட்டில் ஒன்றும் இல்லையே" என்று முதலாளி சொல்லிக் கொண்டிருப்பார்.

அந்தப் பிளகினைச் சந்தையில் இருந்து நீக்கினார்கள். திருத்தி விட்டோம் என்று மறுபடியும் வந்தது. இப்படி நான்கு முறை! கடைசியாக 2017 செப்டம்பரில் நிரந்தரமாகத் துரத்தினார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. சந்தையில் இருந்து ஒரு பிளகினை நீக்கினாலும், ஏற்கெனவே பொருத்தியவர் வெப்சைட்டில் அது அப்படியே உட்கார்ந்து இருக்கும். நாமாகத்தான் எடுக்க வேண்டும்.

காவல்காரனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. "ரியலி சிம்பிள் செக்யூரிட்டி" என்பது வெப்சைட்டுக்குப் பாதுகாப்புத் தரும் பிளகின். 2024-ல் அது 40 லட்சத்துக்கு மேற்பட்ட வெப்சைட்டுகளில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அதிலேயே பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைந்து விடலாம்! செய்தவர்கள் உடனே ஒத்துக் கொண்டு திருத்தினார்கள். திருத்தத்தை வேர்டு பிரஸ்காரர்களே வலுக்கட்டாயமாக எல்லா வெப்சைட்டுக்கும் அனுப்பி வைத்தார்கள். இதுதான் யோக்கியமானவனுக்கும் மற்றவனுக்கும் உள்ள வித்தியாசம். ஓட்டை எல்லோருக்கும் வரும்.

மண்டபத்தில் ஜப்பான் சரக்கு!

பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தின் பெயரைக் கூகிளில் தேடுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மண்டபத்தின் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்துக்கள்! கைப்பை, கைக்கடிகாரம், செருப்பு என்று ஏதேதோ விற்பனை.

இது கற்பனைச் சங்கதி அல்ல. இந்தியாவிலும் வெளிநாட்டிலும் எத்தனையோ சிறு வெப்சைட்டுகளைப் பிடித்த வியாதி. கூகிளே இதற்கு "ஜப்பானிய எழுத்துத் திருட்டு" என்ற கருத்தில் பெயர் வைத்து, வைத்தியக் குறிப்பும் வெளியிட்டு இருக்கிறது. மண்டபத்துக்காரர் தன் வெப்சைட்டை நேராகத் திறந்தால் மாலையும் மேடையும்தான் தெரியும். கூகிளின் கண்ணுக்கு மட்டும் செருப்புக் கடை!

திருடன் எப்படி நுழைகிறான்? பெரும்பாலும், ஆண்டுக் கணக்காகப் புதுப்பிக்காத பிளகின் வழியாக. 2020 செப்டம்பர் முதல் தேதி "பைல் மேனேஜர்" என்ற பிளகினில் இப்படி ஒரு ஓட்டை வெளிப்பட்டது. 7 லட்சம் வெப்சைட்டுகளில் இருந்த பிளகின் அது. அன்றே திருத்தம் வந்தது. ஆனால் திருத்தம் வருவதற்கு முன்பே திருடர்கள் வேலையைத் தொடங்கி இருந்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதை முதலாளியே திறந்து விடுகிறார். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை, பூட்டு உடைத்து இலவசமாகத் தரும் இடங்கள் இருக்கின்றன. "நல்டு" பிளகின் என்பார்கள். "ஐயாயிரம் ரூபாய் சரக்கு, சார், சும்மா போட்டுத் தருகிறேன்" என்று வெப்சைட் கட்டுகிறவர் ஆசை காட்டுவார். "டபிள்யூபி-விசிடி" என்ற நச்சு நிரல் பரவியதே இந்தத் திருட்டுச் சரக்கின் மூலமாகத்தான். ஒரு வெப்சைட்டில் புகுந்தால், அதே ஹோஸ்டிங் கணக்கில் உள்ள மற்ற வெப்சைட்டுகளுக்கும் தாவும்.

ஐயாயிரம் மிச்சம் பிடித்தவர், கழுவி எடுக்க அதைப் போலப் பல மடங்கு கொடுக்க நேரும்.

எதைப் பார்த்து வாங்குவது?

பிளகினே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது இல்லாமல் வெப்சைட் வெறும் சுவர். ஆனால் முப்பது பிளகின் இருந்தால், முப்பது பேரிடம் வீட்டுச் சாவி இருக்கிறது என்று அர்த்தம். அவர்களில் எத்தனை பேர் உயிரோடு வேலை பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டது உண்டா?

அதைத் தெரிந்து கொள்ள இங்கிலீஷ் பண்டிதர் ஆக வேண்டாம். வேர்டு பிரஸ் சந்தையில் ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து மயங்குவதைவிட, பக்கவாட்டில் உள்ள சின்ன எழுத்தைப் படிப்பது மேல். கடைசியாக என்றைக்குப் புதுப்பித்தார்கள், எந்தப் பதிப்பு வரை சோதித்தார்கள் என்று அங்கே இருக்கும். உதவி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்களா என்பதும் தெரியும். இரண்டு வருஷமாக யாரும் தொடாத பிளகின் என்றால், எண்ணெய் போடாத மிஷின்தான்.

உபயோகம் இல்லாததை நிறுத்தி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. நிறுத்தினாலும் அதன் கோப்புகள் உள்ளேயேதான் கிடக்கும். அதில் ஓட்டை இருந்தால், திருடனுக்கு அது வழிதான். அழித்து விடுவதுதான் சரி.

வெப்சைட்டின் நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஹோஸ்டிங், பெயர்ப் பதிவு, வெப்சைட் மூன்றின் பாஸ்வேர்டும் முதலாளியின் கையில் இருக்க வேண்டும். கட்டிக் கொடுத்த பையனிடம் மட்டும் இருந்தால் போதாது. "நிர்வாகி ஈமெயில்" என்ற இடத்தில் யாருடைய விலாசம் இருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கலாம்.

இன்னொரு சோதனைக்குப் பைசா செலவு இல்லை. மாதம் ஒரு முறை, வேறு ஒருவருடைய டெலிபோனில் இருந்து தன் வெப்சைட்டைத் திறந்து, "விலைப்பட்டியல் அனுப்பவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். கடிதம் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மாலைக்குள் வரவில்லை என்றால், புனாக்காரருடைய கடிதமும் வரவில்லை.