குச்சி, எண்ணெய், கிராம்பு, கரி

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே அதன் மேல் பசை போன்ற மெல்லிய படலம் மறுபடி படியத் தொடங்கும். அதிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைத்தால் சொத்தை விழும். படலம் ஈறின் ஓரத்தில் தங்கினால் வீக்கமும் இரத்தக் கசிவும் வரும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து பார்த்தனர். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்குமே ஈறு வீங்கியது. துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் தணிந்தது. எனவே எந்தப் பழைய முறையையும் எடைபோட முதலில் கேட்க வேண்டியது, அது படலத்தைத் தேய்த்து எடுக்கிறதா என்பதைத்தான்.

குச்சி எடுக்கிறது. வேம்பு, ஆல், கருவேலம் எதுவானாலும் பசுங்குச்சியின் நுனியை மென்றால் நார் பிரிந்து தூரிகையாகிவிடும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும். ஆல், கருவேலம் இரண்டின் துவர்ப்பும் டானினால் வருவது. அது ஈறைச் சற்று இறுக்கும். அரபு நாடுகளில் உகாய் மரத்தின் வேரை ‘மிஸ்வாக்’ என்று இன்றும் பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்துக்கும் பல் இடுக்குக்கும் குச்சி எளிதில் எட்டாது. அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கி, பல் கூசத் தொடங்கும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதை ஆயுர்வேதம் கவளம், கண்டூஷம் என்று இரண்டாகச் சொல்கிறது. படலமும் ஈறு வீக்கமும் ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டுகின்றன. உடம்பின் நச்சையெல்லாம் இழுத்துவிடும் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை. துப்பும்போது எண்ணெய் வெளுத்திருப்பது உமிழ்நீரோடு கலந்ததால்தான். துலக்குவதோடு கூட இதையும் செய்யலாம், துலக்குவதற்குப் பதிலாக அல்ல. புரையேறும் ஆபத்து இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம்.

கிராம்பின் யூஜெனால் வலியை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். வலி அடங்கினாலும் சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கிராம்பு எண்ணெயை ஈறில் நேரடியாகத் தடவினால் புண்ணாகும். ஈறு வீங்கியிருக்கும்போது வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பது இதமளிக்கும்.

உமிக்கரியையும் செங்கல் தூளையும் விட்டுவிடுவதே நல்லது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி எனாமலைத் தேய்த்துவிடும் சிலிக்கா. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அடியிலுள்ள மஞ்சள் நிறப் பகுதி தெரிய ஆரம்பிக்கும். வெண்மைக்காகத் தேய்த்தவரின் பல் கடைசியில் மஞ்சளாவது இதனால்தான். எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும் எனாமலை அரிக்கும். புகையிலை கலந்த பற்பொடி இவை எல்லாவற்றையும்விட மோசம். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்தியா 1992-லேயே தடை செய்துவிட்டது.

படலம் இறுகிக் காரையாகிவிட்டால் குச்சியோ எண்ணெயோ அதைப் பெயர்க்காது. மருத்துவரிடம் போய்ச் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். சொத்தையைத் தடுப்பதில் ஃபுளூரைடு பற்பசைக்கு ஈடான மூலிகை இதுவரை இல்லை. தருமபுரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு மிகுந்த ஊர்களில் குழந்தைகள் பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிப்பை நாள் முழுக்கக் கொறிக்காமல் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டால் இடைப்பட்ட நேரத்தில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலில் கரைந்ததை ஓரளவு ஈடுகட்டிவிடும். நீரிழிவுக்காரர்களுக்கு ஈறு நோய் எளிதில் முற்றும், முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. ஈறில் இரத்தம் கசிந்தால் அவர்கள் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.