நோயைக் காட்டும் நுண்குமிழிகள்

குருதிப் பரிசோதனை அறிக்கையில் 'இல்லை' என்று காணுங்கால் நாம் ஆறுதலடைகின்றோம். ஆயினும் ஆய்வுகூட மொழியில் அதன் பொருள், 'இச்சோதனைக்குப் புலப்படும் அளவில் இல்லை' என்பதேயாம். அப்புலப்பாட்டைக் கூர்மையாக்கும் சாதனங்களுள் ஒன்று லிப்போசோம் எனும் கொழுப்புக் குமிழியாகும்.

அந்நியப் பொருள் உடலிற் புகுந்தால், அதனை இனங்கண்டு பற்றும் புரதங்கள் தோன்றுகின்றன. இவை பிறபொருளெதிரிகள் எனப்படும். பூட்டும் திறப்பும் போல் இவை தமக்குரியதையே பற்றும். இப்பண்பைக் கொண்டு குருதியிலுள்ள மிகச் சொற்ப இன்சுலினையும் அளக்கலாமென நியூயோர்க்கில் றொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் 1960 இல் விரிவாக எடுத்துக்காட்டினர். யாலோ 1977 இல் நோபல் பரிசு பெற்றார். பேர்சன் 1972 இலேயே மறைந்துவிட்டார்.

அவர்கள் அடையாளமாகப் பயன்படுத்தியது கதிரியக்க அயடீன். அதற்குத் தனிப் பாதுகாப்பும் வசதியும் வேண்டும். ஆகவே வேறு அடையாளங்கள் தேடப்பட்டன.

1960களில் கேம்பிரிட்ஜுக்கு அண்மையில், அலெக் பாங்கம் என்னும் அறிஞர், முட்டை மஞ்சட்கருவில் உள்ளது போன்ற சில கொழுப்புகள் நீரில் தாமாகவே உட்குழிவான குமிழிகளாவதை விளக்கினார். அக்குமிழியினுள் சாயத்தை அடைத்து, புறத்தே பிறபொருளெதிரியைப் பொருத்தினால் அதுவே சோதனைக் கருவியாகின்றது. அது நோய்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும். பற்றாதவற்றைக் கழுவி நீக்கியபின் சவர்க்காரம் போன்றதொரு பொருளால் குமிழியை உடைப்பர். நெருக்கமாக அடைபட்டு ஒளிமங்கியிருந்த ஒளிர்சாயம் வெளியேறிப் பரவிப் பிரகாசிக்கும். ஒரு கடிதம் வரவேண்டிய இடத்தில் ஒரு மூட்டைக் கடிதங்கள் வந்தாற்போல், ஒரு பிணைப்புக்கு ஆயிரக்கணக்கான சாய மூலக்கூறுகள் சாட்சி பகரும்.

எனினும் குறைகளும் உள. சேமிப்பிலிருக்கும்போதே சாயம் கசியலாம். குமிழி வேண்டாத இடத்தில் ஒட்டினால் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். ஆதலால் நுண்ணுணர்வுடன் தவறாது இனங்காணும் திறனும் சோதனைக்கு இன்றியமையாததாகும்.

சோதனை எத்துணை கூரியதாயினும், தொற்றின் தொடக்க நாட்களில் நோய்ப்பொருள் அதன் எல்லைக்குக் கீழே இருத்தல் கூடும். எனவே 'இல்லை' என்ற அறிக்கைக்குப் பின்னும் நோய்க்குறிகள் தொடருமாயின், மீண்டும் சோதிக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்போம். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரை வேண்டிப் பெறுவோம். கேளாதிருந்து காலந் தாழ்த்துதலே பேராபத்து.