இரு பல்கலைக்கழகங்கள், இரு பட்டங்கள்

பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற விழையும் மாணவர் சிலர் அண்மைக் காலமாக ஒரு புதிய சொல்லை என்னிடம் கொண்டு வருகின்றனர். 'இரட்டைப் பட்டம்' என்பது அச்சொல். இரண்டே ஆண்டுகளில், ஐரோப்பாவின் இரு நாடுகளில், இரு பல்கலைக்கழகங்களில் பயின்று, இரு பட்டங்களுடன் திரும்பலாமாம். கேட்கும்பொழுது, ஒன்றின் விலைக்கு இரண்டு வேட்டி தரும் ஆடித் தள்ளுபடியைப் போலத் தோன்றுகிறது. வீட்டை அடகு வைத்தேனும் மகளையோ மகனையோ அனுப்பிவிடலாம் என்று எண்ணும் பெற்றோர் பலர் இருக்கின்றனர். ஆதலின், இதன் உட்பொருள் யாது என்பதைச் சற்று விளக்கமாகக் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். இரு பல்கலைக்கழகங்கள் தனித்தனியே பட்டயச் சான்று வழங்குமாயின் அது இரட்டைப் பட்டம். பல பல்கலைக்கழகங்கள் ஒருங்கு கூடி, ஒரே சான்றில் தத்தம் முத்திரையைப் பொறித்து வழங்குமாயின் அது கூட்டுப் பட்டம். இரண்டிலும் மாணவர் கற்கும் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஐரோப்பாவில் படிப்பை 'கிரெடிட்' என்னும் அலகால் அளக்கின்றனர். ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். வகுப்பில் அமர்வதும், தனியே படிப்பதும், தேர்வு எழுதுவதும் இக்கணக்கில் அடங்கும். ஆண்டுக்கு 60 அலகு. இரண்டாண்டு முதுகலைக்கு 120. இரட்டைப் பட்டம் பெறுவோர் 240 அலகு கற்பதில்லை. ஓரிடத்தில் ஈட்டிய 60 அலகை மற்றைய பல்கலைக்கழகம் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, பட்டம் இரண்டாயினும் கல்வி இருமடங்கு ஆவதில்லை. இதனை மறைத்து விளம்பரம் செய்யும் இடைத்தரகர்கள் உளர். அவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

இத்தகைய ஏற்பாடு எவ்வாறு இயல்வதாயிற்று? ஒரு நாட்டில் நான்கு ஆண்டு, மற்றொரு நாட்டில் ஆறு ஆண்டு என்று பட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது கிடந்த ஐரோப்பாவில், 1999ஆம் ஆண்டு 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் கூடி, பட்டங்களை ஒப்பிடத்தக்க படிநிலைகளாக அமைக்க உடன்பட்டனர். அதற்கு முன்னரே, 1987இல், மாணவர்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் சென்று பயில 'எராஸ்மஸ்' என்னும் திட்டம் தோன்றியிருந்தது. ராட்டர்டாமில் பிறந்த எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் பாரிஸில் பயின்று, டூரினில் 1506இல் பட்டம் பெற்று, வெனிஸில் அச்சகத்தாரோடு தங்கிப் பணிபுரிந்து, கேம்பிரிட்ஜில் கற்பித்து, பாசலில் மறைந்தவர். ஊர் ஊராகச் சென்று கற்ற அவர் பெயர் இத்திட்டத்திற்கு மிகவும் பொருந்துவதே. பிற கண்டத்தாருக்கும் உதவித்தொகையுடன் இவ்வாயில் 2004இல் 'எராஸ்மஸ் முண்டுஸ்' என்னும் பெயரால் திறக்கப்பட்டது.

பொருளாதாரத் துறையில் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அளவுசார் பொருளாதாரத்தின் மாதிரிகளையும் முறைகளையும் கற்பிக்கும் ஒரு முதுகலைத் திட்டத்தில் பாரிஸ், பார்சிலோனா, ஜெர்மனியின் பீலஃபெல்ட், வெனிஸ் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்தன. முதலாண்டு ஒரு நகரம், இரண்டாம் ஆண்டு வேறொரு நகரம். முதலாண்டில் மூன்று தூண்கள்: நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதார அளவையியல். இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடமும் ஆய்வேடும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கல்வி மரபு உண்டு. 1994இல் நோபல் பரிசு பெற்ற ரைன்ஹார்ட் செல்டன் பீலஃபெல்டில் பல்லாண்டு பேராசிரியராக விளங்கியவர்; எதிராளியின் எண்ணத்தைக் கணித்து முடிவெடுக்கும் ஆட்டக் கோட்பாடு அங்கே வேரூன்றியதற்கு அவர் பெரிதும் காரணர். வெனிஸின் கா' ஃபோஸ்காரி 1868இல் வணிகக் கல்விக்கென்று தொடங்கப்பெற்ற நிறுவனம். இரட்டைப் பட்டத்தின் உண்மையான ஊதியம் இங்கேதான் உள்ளதென்பது என் கருத்து. ஒரே பொருளை இருவேறு மரபினர் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை நேரில் காணும் வாய்ப்பு அது. இரண்டாவது சான்றிதழின் தாளன்று.

இனி இடர்ப்பாடுகளுக்கு வருவோம். நம் கல்லூரிகளில் இளங்கலைப் பொருளாதாரம் பெரும்பாலும் கட்டுரை வடிவிலேயே பயிலப்படுகிறது. அங்கோ முதல் வாரத்திலிருந்தே கரும்பலகை முழுவதும் கணிதம். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றிலும் பயிற்சி இல்லாது செல்வோர், நீச்சல் அறியாது ஆற்றில் இறங்கியோரைப் போல் தவிப்பர். முதலாண்டில் தேறாவிடின், பெரும்பாலான திட்டங்களில் இரண்டாம் ஊருக்குச் செல்ல இயலாது. இரு பட்டங்களும் ஒருசேரக் கைநழுவும். புறப்படுவதற்கு முன் ஓராண்டு கணிதம் பயில்வது, புறப்படும்பொழுது வாங்கும் கம்பளிச் சட்டையினும் இன்றியமையாதது.

மதிப்பெண் முறையும் வியப்பளிக்கும். பிரான்சில் 20க்கு மதிப்பிடுவர். 10 பெற்றால் தேர்ச்சி, 16 பெற்றால் மிக நன்று. ஸ்பெயினில் 10க்கு, 5 தேர்ச்சி. இத்தாலியில் ஒவ்வொரு தேர்வும் 30க்கு, 18 தேர்ச்சி, ஆனால் பட்டத்தின் இறுதி மதிப்பு 110க்கு. ஜெர்மனியிலோ தலைகீழ்: 1 என்பதே தலைசிறந்தது, 4 வரை தேர்ச்சி, 5 தோல்வி. பாரிஸில் 13 பெற்ற மகளின் மதிப்பெண்ணைக் கண்டு, "நூற்றுக்கு அறுபத்தைந்துதானா அம்மா?" என்று மனம் நொந்த தந்தையை நான் அறிவேன். அங்கே அது நல்ல மதிப்பெண் என்று அவருக்கு விளக்க நெடுநேரம் ஆயிற்று. நம்மவர் மதிப்பெண்ணையும் அவர்கள் ஒரு வாய்பாட்டால் மாற்றிக்கொள்கின்றனர். ஜெர்மானிய முறைப்படி, 100க்கு 70 பெற்று, தேர்ச்சி வரம்பு 40 ஆக இருப்பின், அது 2.5 ஆகும். நம் பல்கலைக்கழகத்தின் உச்ச மதிப்பெண், தேர்ச்சி வரம்பு இரண்டையும் குறிப்பிடும் கடிதத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெற்றுவைப்பது இதனால்தான் தேவையாகிறது.

பணத்தைப் பற்றிக் கூறாது விடலாகாது. எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைப்போர்க்குக் கல்விக் கட்டணம் இல்லை. 2021க்குப் பின் தேர்வான திட்டங்களில் மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை வழங்கப்படுகிறது. பயணமும் விசாச் செலவும் இத்தொகைக்குள்ளேயே அடங்கும். உதவித்தொகை கிடையாதோர் நிலை வேறு. ஜெர்மனிக்குச் செல்வோர் ஓராண்டுச் செலவுக்கான பணம் தம்மிடம் உண்டென்று காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. இது செலவழிந்துபோகும் கட்டணம் அன்று. முடக்கி வைத்த கணக்கிலிருந்து மாதந்தோறும் மாணவருக்கே திரும்பும் பணம். ஆயினும் மொத்தமாகத் திரட்டவேண்டுமன்றோ? கடன் வாங்கும் குடும்பத்தார்க்கு நான் கூறுவது ஒன்றே. வேலை கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கையை ஈடாக வைத்துக் கணக்கிடாதீர்கள்; வேலை கிடைக்க ஓராண்டு தாமதமாயின் வட்டி என்னவாகும் என்று கணக்கிடுங்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேடுவதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது ஒன்பது மாதம் தங்க வழிசெய்கிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டவை அல்ல. அதே சட்டத்தால், முறையான கூட்டுத் திட்டத்தில் பயில்வோர் ஒரு நாட்டின் அனுமதியைக் கொண்டே மற்றொரு நாட்டில் 360 நாள் வரை கல்வி பயிலலாம்.

படிப்பு முழுவதையும் வெளிநாட்டில் பயிலாமலே ஓரளவு இப்பயனை அடையவும் வழி பிறந்துள்ளது. 2022இல் நம் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, இந்தியப் பல்கலைக்கழகம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இரட்டைப் பட்டம் வழங்கலாம். மொத்தப் படிப்பில் குறைந்தது 30 விழுக்காடு இந்திய நிறுவனத்தில் ஈட்டவேண்டும். செலவு பாதியாகக் குறையக்கூடும் என்பதால், நடுத்தரக் குடும்பத்தார் இதனை முதலில் ஆராய்வது தக்கது.

அயல்நாட்டிலிருந்து திரும்புவோர், பட்டச் சான்றோடு பாடவாரியான மதிப்பெண் பட்டியலையும், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றி வழங்கும் பட்ட விளக்க இணைப்பையும் இரு நிறுவனங்களிடமும் கேட்டுப் பெறவேண்டும். எங்கே எத்தனை அலகு கற்றார் என்பதை அவ்விணைப்பே கூறும்; இங்குப் பட்டத்தின் சமநிலையை ஆராயும் அலுவலர்க்கு அது பெரிதும் துணைபுரியும். விண்ணப்பிப்போர் நினைவிற்கொள்ளத்தக்க மற்றொன்று காலம். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்திய குளிர்காலத்திலேயே பெரும்பாலான திட்டங்களின் கதவு மூடிவிடும். ஆகவே, இளங்கலை இறுதியாண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியர் இருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடுவது நல்லது. பரிந்துரை எழுதும் எங்களுக்கும் சிறிது கால அவகாசம் வேண்டுமல்லவா?