விடுவிப்பு ஆவணம் (ஊர்தி விபத்துக் காப்பீடு)

விடுவிப்பு ஆவணம் என்பது, ஊர்தி விபத்தில் இழப்புக்கு உள்ளானவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, அவ்விபத்துக்குப் பொறுப்பானவரிடம் மேற்கொண்டு எதுவும் கோருவதில்லை என ஒப்புக்கொண்டு கையொப்பமிடும் ஒப்பந்தம் ஆகும். தொகையைப் பெரும்பாலும் எதிர்த்தரப்பு ஓட்டுநரின் காப்பீட்டு நிறுவனமே செலுத்துகிறது. தமிழ்நாட்டின் பதிவு அலுவலகங்களில் எழுதப்படும் விடுதலைப் பத்திரம் வேறு. அது கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பதற்கானது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை விளக்குகிறது. அங்கு இது குறித்த சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

நோக்கம்

பொறுப்புக் காப்பீடு எடுத்த ஓட்டுநர் மீது வழக்கு வந்தால், அவருக்காக வாதாடுவதும், காப்பீட்டு வரம்புக்குள் இழப்பீடு செலுத்துவதும் நிறுவனத்தின் கடமை. விடுவிப்புப் பெறாமல் பணம் கொடுத்துவிட்டால், அதே விபத்துக்காக அந்த ஓட்டுநர் மீது மறுநாளே வழக்குத் தொடரப்படலாம். ஆகவே நிறுவனம் இவ்வாவணத்தைக் கேட்பது இயல்பானதே. சிக்கல் எழுவது, அது எவ்வளவு உரிமைகளை உள்ளடக்குகிறது என்பதில்தான்.

ஊர்திச் சேதத்துக்கு மட்டும் விடுவிப்பு எழுதித் தரலாம். உடற்காயத்தைத் தனியே பின்னர் பேசித் தீர்க்கலாம். ஆனால் "பொது விடுவிப்பு" எனப்படும் வகை, அவ்விபத்திலிருந்து எழும் எல்லாக் கோரிக்கைகளையும் முடித்துவைக்கிறது. அறிந்த காயங்கள், அறியாத காயங்கள் என்னும் சொற்கள் இதில் வழக்கமாக இடம்பெறும். படிப்பவர்கள் பலரும் இதை வெறும் சட்ட அலங்காரம் எனக் கடந்துவிடுகின்றனர். உண்மையில் ஆவணத்தின் உயிர் இவ்விடத்தில்தான் உள்ளது.

பின்னர் வெளிப்படும் காயங்கள்

பின்புறத்திலிருந்து மோதும்போது கழுத்து முன்னும் பின்னும் விசையுடன் அசைகிறது. இதனால் தசைகளிலும் தசைநார்களிலும் ஏற்படும் காயம் சில மணி நேரம் அல்லது சில நாட்கள் கழித்தே வலியாக உணரப்படலாம். மூளையுறைக்கு அடியில் மெதுவாகக் கசியும் குருதி, குறிப்பாக முதியவர்களில், வாரங்கள் கடந்தும் வெளிப்படுவதுண்டு. ஆனால் ஊர்தியின் பழுதுச் செலவை ஒரே நாளில் கணக்கிட்டுவிடலாம். உடலுக்கும் ஊர்திக்கும் உள்ள இக்கால வேறுபாடே பெரும்பாலான வழக்குகளுக்கு வேர்.

டெக்சாஸ் வழக்கு

டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்தின் தானுந்தை மற்றொரு தானுந்து பின்னாலிருந்து மோதியது. ஊர்தியின் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. காயம் எதுவும் தெரியவில்லை. எதிர்த்தரப்பு நிறுவனத்தின் படிவத்தில், காயமடைந்தோர் பற்றிய கேள்விக்கு இல்லை என்றே குறிக்கப்பட்டது. பழுதுச் செலவுக்குச் சரியாக ஒரு காசோலை வழங்கப்பட்டது. அதன் பின்புறத்தில், அறிந்ததும் அறியாததுமான உடற்காயங்கள் உட்பட அனைத்துக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்னும் வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. அதில் கையெழுத்திட்டு, காசோலையைப் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டனர். பின்னர் அப்பெண்மணிக்குத் தாடை மூட்டுக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது.

கீழ் நீதிமன்றங்கள், கையெழுத்து இருப்பதால் வழக்கு விசாரணைக்கே தகுதியற்றது என்றன. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காயம் பற்றி இரு தரப்பும் தவறாகக் கருதியிருந்தால், "இருதரப்புப் பிழை" என்னும் கோட்பாட்டின்படி விடுவிப்பை நீக்கலாம் என்று கூறி, வழக்கை விசாரணைக்கு அனுப்பியது. காயம் பற்றிப் பேரம் பேசப்பட்டதா, கொடுத்த தொகை எவ்வளவு, கையெழுத்து அவசரமாகப் பெறப்பட்டதா ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் எனவும் கூறியது.

இத்தீர்ப்பை எல்லாக் காயங்களுக்கும் நீட்டிவிட முடியாது. இருப்பதே தெரியாத காயத்தையும், தெரிந்த காயம் பின்னர் மோசமாவதையும் பல நீதிமன்றங்கள் வேறுபடுத்துகின்றன. முதுகு வலிக்கிறது என அறிந்தே கையொப்பமிட்டவர், வலி முற்றி அறுவை மருத்துவம் வரை சென்றது என வாதிட்டு வெல்வது கடினம்.

மாநிலச் சட்டங்கள்

கலிபோர்னியாவின் குடிமைச் சட்டத் தொகுப்பு 1872இல் இயற்றப்பட்டது. அதன் 1542ஆம் பிரிவின்படி, கையொப்பமிடும்போது ஒருவர் அறியாததும் ஐயுறாததுமான, அறிந்திருந்தால் உடன்பாட்டைப் பெரிதும் மாற்றியிருக்கக்கூடிய கோரிக்கைகளைப் பொது விடுவிப்பு உள்ளடக்காது. இப்பாதுகாப்பை வேண்டாம் என எழுதித்தர முடியும். அதனால் அங்குள்ள படிவங்கள் பலவற்றில் 1542 என்னும் எண் காணப்படும். அப்பத்தி பாதுகாப்பைத் தருவதற்கன்று, கைவிடுவதற்கே எழுதப்பட்டிருக்கும்.

மேரிலாந்தில், காயமடைந்து குறுகிய காலத்துக்குள் வழக்குரைஞர் துணையின்றிக் கையொப்பமிட்ட விடுவிப்பை, கையொப்பமிட்ட 60 நாட்களுக்குள் காயமடைந்தவர் செல்லாததாக்கலாம்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. உடற்காய வழக்கைத் தொடரக் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பொதுவாக 2 ஆண்டுகளும், டென்னசியில் 1 ஆண்டும் உள்ளன. நிறுவனத்துடன் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் மட்டும் இக்காலம் நின்றுவிடுவதில்லை.

பிற உரிமையாளர்கள்

பெறும் தொகை முழுவதும் காயமடைந்தவருக்கே சேரும் என்பதில்லை. மெடிகேர் அவரது மருத்துவச் செலவை ஏற்றிருந்தால், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தொகையை உடன்பாட்டுப் பணத்திலிருந்து திரும்பப் பெறும். மருத்துவமனைகளுக்கும் இத்தகைய பற்றுரிமை பல மாநிலங்களில் உண்டு. இவர்கள் பின்னர் நிறுவனத்திடம் பணம் கேட்டால் அதைக் காயமடைந்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் பத்தியும் படிவங்களில் இருப்பது வழக்கம்.

எதிர்த்தரப்பின் காப்பீடு போதாதபோது தம் சொந்தக் காப்பீட்டிலிருந்து மீதியைப் பெற விரும்புபவர், தம் நிறுவனத்துக்கு அறிவிக்காமல் எதிர்த்தரப்பை விடுவித்துவிட்டால் அவ்வுரிமையை இழக்க நேரலாம். அந்த ஓட்டுநரிடமிருந்து பணத்தை மீட்கும் வழி தம் நிறுவனத்துக்கு அடைபட்டுவிடுவதே இதற்குக் காரணம். மினசோட்டா உச்ச நீதிமன்றம் 1983இல் அளித்த தீர்ப்பின்படி, அங்கு உடன்பாடு குறித்து 30 நாட்கள் முன்னதாகத் தம் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.