உங்கள் உடம்பு எந்த ஷிப்ட்?

ராஜபாளையத்தில் தெரிந்தவரைத் தெருவில் பார்த்தால், 'சௌக்கியமா?' என்று கேட்பதற்கு முன்னால், 'இந்த வாரம் எந்த ஷிப்ட்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக நூற்பாலைகள் வந்தன. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்று தலைமுறையாக இங்கே வீடுகள் ஓடுகின்றன. பெண் பார்க்கப் போவது, காது குத்து, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் எல்லாமே ஷிப்டை அனுசரித்துத்தான்!

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே வேலை வேறு மாதிரி. மாவட்டக் கோர்ட்டு, பள்ளிக்கூடங்கள், சேலைத் தறிகள். அப்புறம் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஆடிப்பூரத் தேரும் தீபாவளியும் வந்துவிட்டால், அடுப்படியில் நின்று பால் கிண்டுகிறவர்களுக்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது.

2020 கொரோனாவுக்குப் பிறகு இரண்டு ஊர்களிலும் புதிதாக ஒரு ஷிப்ட் சேர்ந்திருக்கிறது. மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, அமெரிக்காக்காரன் விழித்திருக்கிற நேரத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள்.

இந்த எல்லாத் தரப்பிலிருந்தும் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, தூக்கமின்மை என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு வளர்ந்தால் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். "வேலையையும் வீட்டையும் பேலன்ஸ் பண்ண முடியலை டாக்டர்!"

பேலன்ஸ் என்றவுடன் பலரும் மணிக்கணக்குப் போடுகிறார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் குடும்பம். நல்ல கணக்குதான், நான் மறுக்கவில்லை. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதும், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியதும் சாதாரண விஷயங்கள் அல்ல. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பி மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. நீண்ட நேர வேலையால் வந்த பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் 2016-ல் மட்டும் உலகில் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்றன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகமாம்.

ஆனால் எட்டு மணி நேரமே வேலை பார்த்தும் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் தினமும் என் எதிரே உட்காருகிறார்கள். காரணம், உடம்பு மணி பார்ப்பதில்லை. அது கேட்கிறது. கேட்டதைக் கேட்டபோது கொடுத்தோமா என்பதுதான் அதன் கணக்கு.

பதினான்கு வேகங்கள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், பதினான்கு வேகங்களை நாங்கள் நெட்டுருப் போடுவோம். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவை பதினான்கும் உடம்பில் தானாக எழுகிறவை. அடக்கக் கூடாது, அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று எங்கள் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்கின்றன.

இன்றைக்கு நாம் பார்க்கிற உத்தியோகங்களை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். முக்கால்வாசி வேலைகள், வேகங்களை அடக்குகிறவருக்குத்தான் 'பொறுப்பானவர்' என்று பெயர் கொடுக்கின்றன!

சிறுநீரை எடுத்துக்கொள்வோம். பள்ளி ஆசிரியை ஒருவர் இரண்டு வருடமாக நீர்க்கடுப்போடு வந்து போய்க்கொண்டிருந்தார். சிறுபீளையும் நெருஞ்சிலும் சேர்ந்த குடிநீர் கொடுத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுபடி வரும். "தண்ணி எவ்வளவும்மா குடிப்பீங்க?" என்றேன். "காலைல காபி. அப்புறம் வீட்டுக்கு வந்துதான் டாக்டர்" என்றார். பள்ளிக் கழிப்பறை சரியில்லை. போகாமல் இருக்க வேண்டுமானால் குடிக்காமல் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு பஸ் ஏறியதிலிருந்து மாலை ஐந்தரை வரை தாகம், சிறுநீர் என்று இரண்டு வேகங்களை ஒரே நேரத்தில் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். குடிநீர் எழுதிக் கொடுத்த நான் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன், தலைமையாசிரியருக்கு. பூட்டிக் கிடந்த இன்னொரு கழிப்பறை அதற்கப்புறம் திறந்தது.

மில்லுக்குள் இது இன்னும் மோசம். நூல் அறுந்து போகாமல் இருக்க அங்கே காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டியே வைத்திருப்பார்கள். வேர்வை ஊற்றும், ஆனால் மிஷினை விட்டு நகர முடியாது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது. நின்றே இருப்பதால் காலில் நரம்பு சுருண்டு வருகிறவர்களை நான் இப்போதும் பார்க்கிறேன். இருக்கை இருக்கிறதாம். உட்கார்ந்தால் முதலாளி ஒரு மாதிரி பார்க்கிறாராம்!

பசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பதினொரு மணிக்கு டீயும் வடையும், மூன்று மணிக்குக் கட்டிய சோறு, ராத்திரி பத்தரைக்கு வயிறு முட்டப் பரோட்டா என்று இருப்பவருக்கு நான் எந்தச் சூரணம் கொடுத்தும் பயனில்லை.

தூக்கத்துக்கு யார் காவல்?

எனக்கு அதிகம் கவலை தருவது தூக்கம்தான். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவத்தல், அரைப்பேச்சு என்று நூலில் இருக்கிறது. முழு நைட் முடித்து வருகிறவரிடம் காலையில் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள், அரைப்பேச்சு என்றால் என்னவென்று புரியும். அந்த நிலையில்தான் கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தயவுசெய்து மில் பஸ் இருந்தால் அதில் வாருங்கள். இல்லாவிட்டால் கேன்டீனில் கால் மணி நேரம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பகலில் தூங்கக் கூடாது என்கிறது தேரையரின் பிணி அணுகா விதி. அப்படியானால் முழு நைட் பார்ப்பவர் என்ன செய்வார்? பெரியவர்கள் சிலர், "பகல்ல தூங்கினா கபம் கூடும்" என்று பையனை எழுப்பி விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்த விதி, ராத்திரி தூங்கினவனுக்குச் சொன்னது. விடிய விடிய விழித்தவன் பகலில் தூங்கத்தான் வேண்டும். உடம்புக்குள் ஒவ்வொரு செல்லிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைக்கிறது. ஆகவே முழு நைட் முடிந்து வருகிறவர் ஜன்னலுக்குக் கெட்டியான திரை போட்டு, கொஞ்சம் கஞ்சியோ இட்லியோ சாப்பிட்டு, வந்த சூட்டோடு படுத்துவிட வேண்டும். டீ, காபி வேண்டாம். போனை அடுத்த அறையில் வையுங்கள். ஷிப்ட் மாறுகிற நாளில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஓட வேண்டாம்.

சரி, அவர் தூங்குகிறார். வீட்டில் குக்கர் சத்தம் கேட்காமல், குழந்தைகள் கத்தாமல், வாசலில் கீரைக்காரி கூவாமல் பார்த்துக்கொள்வது யார்?

கணவருக்குத் தூக்க மாத்திரை வேண்டாம், மூலிகை கொடுங்கள் என்று கேட்டு ஓர் அம்மா வந்திருந்தார். அவரே தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறவர். கண்ணைச் சுற்றிக் கருவளையம், பிளட் பிரஷர் கூடுதல். அவர் பகல் ஷிப்ட் என்றால் இந்தம்மா விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். அரை நைட் என்றால் நள்ளிரவில் கதவு திறந்து சோறு போட வேண்டும். முழு நைட் என்றால் பகலெல்லாம் வீட்டை மூச்சு விடாமல் வைத்திருக்க வேண்டும். "நீங்க எந்த ஷிப்டும்மா?" என்றேன்.

"எனக்கு ஏது டாக்டர் ஷிப்ட்? மூணும் நான்தான்!" என்றவர் அப்படியே அழுதுவிட்டார். உடனே, "தப்பா நெனைக்காதீங்க" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். கண்ணீரும் அந்தப் பதினான்கில் ஒன்று. அடக்கினால் பீனிசம், கண்நோய், குன்மம் என்று சொல்லியிருக்கிறது. அழட்டும் என்று காத்திருந்தேன்.

கணவருக்குக் கேட்ட மருந்தை நான் தரவில்லை. அடுத்த முறை அவரையும் கூட்டி வரச் சொன்னேன். வந்தார், நல்ல மனிதர்தான். அரை நைட் வாரத்தில் சோற்றை ஹாட்பேக்கில் வைத்துவிட்டால், வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்து தானே போட்டுச் சாப்பிட முடியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை! சொன்னதும் ஒப்புக்கொண்டார். அந்தம்மாவுக்கு அந்த வாரத்தில் இரவு பத்து மணியிலிருந்து தொடர்ந்து ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு கட்டுக்குள் இருந்தது.

ஒரு வீட்டில் ஒருவருடைய பேலன்ஸ் சரியாக இருக்கிறது என்றால், அதற்காக வேறு யார் வேகத்தை அடக்குகிறார்கள் என்று விசாரிப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது. லேப்டாப் பிள்ளைகளுக்கும் இதேதான். ராத்திரி இரண்டு மணி வரை மீட்டிங் பேசுகிற மகனுக்காக, அறுபது வயது அம்மா விழித்திருந்து பால் காய்ச்சிக் கொடுக்கிறார். மகனுக்குக் கண் எரிச்சல், அம்மாவுக்குச் சர்க்கரை. தம்பி, பாலை நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள்! தூக்கம் பிடிக்காவிட்டால் அதில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் சேர்க்கலாம். சிட்டிகைக்கு மேல் போனால் தலை சுற்றும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. அமுக்கரா சூரணத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். தைராய்டு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறல், சிறுநீரில் ரத்தம் - இவற்றை 'ஓவர்டைம் அசதி', 'வாயு' என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. நானே உங்களை நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்.

வார லீவு நாளில்...

எண்ணெய் முழுக்கை நாலு நாளைக்கு ஒருமுறை என்கிறது பிணி அணுகா விதி. ஷிப்ட் குடும்பத்துக்கு வாரம் ஒருமுறை நடந்தாலே பெரிய காரியம். புதன், சனி ஆண்களுக்கு, செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு என்று கிழமை பார்க்கிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிழமை வாய்க்காவிட்டால் லீவு நாளே நல்ல நாள்.

பலர் செய்கிற தவறு, முழு நைட் முடித்து வந்த காலையில் 'சூடு தணியட்டும்' என்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் படுப்பது. எண்ணெய் முழுகிய அன்று பகல் தூக்கம் ஆகாது. தலைபாரமும் உடம்பு வலியும் வரும். ஒரு ராத்திரி முழுதாகத் தூங்கி எழுந்த காலையில்தான் முழுக வேண்டும். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உச்சியில் தொடங்கி உள்ளங்கால் வரை தேய்த்து, அரை மணி நேரம் இருந்து, சீயக்காயும் வெந்நீருமாகக் குளியுங்கள். அன்றைக்கு மிளகு ரசம், பருப்புத் துவையல் போதும். தயிர், ஐஸ் வேண்டாம். வெந்நீர் போடுகிறவரும் அடுத்த நாள் முழுக வேண்டும். அன்றைக்கு வெந்நீர் போடுவது மற்றவர்களின் முறை.

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த வாரம் தள்ளிப் போடுங்கள். சைனஸ், ஆஸ்துமா உள்ளவர்கள் நல்லெண்ணெய்க்குப் பதிலாகச் சுக்குத் தைலம் தேய்க்கலாமா என்று பக்கத்திலுள்ள சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மார்கழிப் பனி இறங்கும் காலத்தில், வெயில் ஏறிய பிறகு குளிப்பது நல்லது.