பொங்கோலில் ஒரு பழைய காடி

தோழர்களே, போன மாதம் ஜொகூர் பாலம் தாண்டி, பொங்கோலில் இருக்கும் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு வருஷம் ஓடிய டொயோட்டா கொரோலாவை வாங்கி, மூன்று வருஷமாக ஓட்டுகிறான். டயாலிசிஸுக்கு அக்காவைக் கொண்டு போவதும் அந்தக் காடிதான்.

"ஒரு நாளும் ரோட்டில் நின்னதில்லை மாமா. பேட்டரி ரெண்டு தடவை, ஏர்கோன் ஒரு தடவை, அவ்வளவுதான்" என்றான். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை. ஆயுள் 10 வருஷம். முடிந்தால் காடியை ஒப்படைக்கணும். அல்லது கடைசி மூன்று மாத ஏலச் சராசரியைக் கட்டி 5 அல்லது 10 வருஷம் நீட்டலாம். 5 என்றால் மறுபடி நீட்ட முடியாது. நீட்டினால் திரும்பக் கிடைக்கும் கழிவுத் தொகை போச்சு. சாலைவரியில் வருஷத்துக்கு 10 விழுக்காடு கூடி 50 வரை ஏறும், சோதனையும் வருஷாவருஷம்.

நம்ம தோட்டத்தில் 20 வருஷப் புரோட்டோன் சாகா இன்னும் ஓடுகிறது, பேரே சாகா! அங்கே நல்ல இஞ்சினும் கடுதாசியால் நிற்கிறது. அக்கரையில் உங்கள் பிள்ளை பழைய காடி பார்த்தால், கிலோமீட்டருக்கு முன்னே சான்றிதழ் எந்த மாதம் முடிகிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

அக்கா மகனுக்கு நாலு மாதம் இருக்கிறது. 5 வருஷம் நீட்டப் போகிறானாம்.